நாலு பேருக்கு ஓர் அறை

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சொகுசுக் கப்பலில் ஓர் அறை; அந்த அறையில் நாலு பேர் படுக்க இடம். இதில் என்ன சிக்கல் வந்துவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டு, கடையில் ஆளை உட்காரவைத்துவிட்டு ஒரு காலை வேளையில் கப்பல் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனார். மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவதாக வீட்டில் சொல்லியிருந்தார். அதைப் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் அவருக்கே தன்மேல் இரக்கம் வந்தது.

அவர் குடும்பம் சிறியது. மனைவி வங்கியில் காசாளர். மனைவியின் அக்கா தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டு, தங்கை வீட்டில் மாடியறையில் குடியிருந்தார். கண்ணாடிக் கடைக்காரருக்கும் அவர் 'அக்கா'தான். மகளுக்குப் பெரியம்மா. அந்த மகள்தான் கால்நடை மருத்துவம் படிக்க வெகுதூரத்து நாடு ஒன்றுக்குப் புறப்பட இருந்தாள். படிப்பு முடிய வருஷக்கணக்கில் ஆகும். முடிந்ததும் திரும்பி வருவாளா என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக எல்லோரும் பெட்டியைப் பற்றிப் பேசினார்கள். சக்கரம் வைத்த பெட்டியா, வைக்காததா. கம்பளிச் சட்டை அடியில் வைப்பதா, மேலே வைப்பதா. இந்தப் பேச்சு எந்த நேரமும் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் மனைவி காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "அவ போறதுக்கு முன்னாடி ஒரு வாரம் நாலு பேரும் ஒரே ரூம்ல கிடக்கணுங்க. எங்கேயாவது. எழுந்து ஓடிப்போறதுக்கு யாருக்கும் இடமே இருக்கக் கூடாது."

அப்படிப்பட்ட இடம் நடுக்கடல்தான் என்று முடிவாயிற்று.

அலுவலகத்தில் காலடிச் சத்தத்தை விழுங்கிவிடும் கம்பளம் விரித்திருந்தார்கள். வாசலில் ஒரு கண்ணாடிப் பேழைக்குள் கப்பலின் மாதிரி நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு போனால் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் ஓர் இளம்பெண். 'அறைப் பொருத்த ஆலோசகர்' என்று அவள் சட்டையில் ஒரு வில்லை குத்தியிருந்தது. அவள் முகத்தில் இருந்த புன்னகையும் அந்த வில்லையைப் போலவே குத்தப்பட்டிருந்தது.

"ஒரு ரூம் வேணும்மா. நாலு பேரு."

"அறை கடைசிப் படி சார். முதல்ல உங்களைத் தெரிஞ்சுக்கணும். நீங்க கடலை எப்படி உணர விரும்பறீங்க?"

"பாக்கலாம்னு நெனச்சேன்."

"அது ஆரம்ப நிலை," என்று பரிவோடு சொல்லிவிட்டு, ஒரு திரையை அவர் பக்கம் திருப்பினாள். "இது பால்கனி அறை. கடலோட நேரடி உறவு வேணுங்கிறவங்களுக்கு. இது சன்னல் அறை. உறவு வேணும், ஆனா காத்து வேண்டாம்கிறவங்களுக்கு. இது கப்பலோட நடுவுல இருக்கிற அறை."

"இதுல சன்னலே காணோமே?"

"சன்னலோட வரம்புகள் இல்லாத அறை சார் இது. சுவத்துல ஒரு திரை இருக்கும். அதுல கடல் ஓடும். நிஜக் கடலைவிடத் தெளிவா இருக்கும், இருட்டினாலும் நிக்காது."

"அப்ப இது என்னம்மா? சன்னல் இருக்கு, ஆனா வெளியே ஆரஞ்சுக் கலர்ல ஏதோ அடைச்சுக்கிட்டு நிக்குது?"

"உயிர்காப்புப் படகு சார். அதைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிற இடம்."

"சன்னலைத் திறந்தா கடல் தெரியாதா?"

"பாதுகாப்பு தெரியும்."

கண்ணாடிக் கடைக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். காலமெல்லாம் அவர் பிறரை நாற்காலியில் உட்காரவைத்து, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டே பிழைத்தவர். எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனின் கதி அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இதுல நாலு கட்டில் எதுல இருக்கு?"

முதல்முறையாக அந்தப் புன்னகை ஓர் ஓரத்தில் பெயர்ந்தது. அவள் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "நாலு பேரும் ஒரே அறையிலயா சார்? அப்படி ஒரு எண்ணம் இருந்தா, குடும்பத்தோட மதிப்பீட்டுக்கு வந்தாகணும்."

*

மதிப்பீட்டு நாளன்று காசாளர் வங்கியில் விடுப்புச் சொன்னாள். அக்கா நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டார். "என்னைப் பெண் பாக்க வந்தவங்களுக்குக்கூட நான் இப்படிக் கிளம்பினதில்லை," என்றார்.

மூன்றாவது மாடியில் ஒரு கூடத்தின் நடுவே ஒட்டுப் பலகையால் ஒரு மாதிரி அறை செய்து வைத்திருந்தார்கள். அதன் அடியில் சுருள்வில்கள். இரண்டு ஊழியர்கள் இரண்டு பக்கமும் நின்று அதை ஆட்டுவதற்குத் தயாராக இருந்தார்கள். அவர்கள் கழுத்தில் 'அலை' என்று எழுதிய அட்டை தொங்கியது.

பொருத்தப் பிரிவின் தலைவர் வந்தார். வெள்ளைச் சீருடை, தோளில் தங்கப் பட்டைகள்.

"எந்தக் கப்பல்ல கேப்டனா இருந்தீங்க?" என்று அக்கா மரியாதையாகக் கேட்டார்.

"நான் கப்பல்ல ஏறினதே இல்லை அம்மா. எனக்குத் தலை சுத்தும். அதனாலதான் என்னால பாரபட்சம் இல்லாம முடிவெடுக்க முடியுது."

பிறகு அவர் ஒரு சிறிய உரை நிகழ்த்தினார். அறை என்பது நான்கு சுவர் என்று பாமரர்கள் நினைக்கிறார்கள் என்றும், அறை என்பது ஒரு மனநிலை என்றும், அந்த மனநிலைக்குத் தகுதியான பயணியைக் கண்டெடுப்பதே இந்தப் பிரிவின் தவம் என்றும் சொன்னார். பயணிகள் அறையைத் தேர்ந்தெடுத்த காலம் மலையேறிவிட்டது. இப்போது அறைகள்தான் பயணிகளைத் தேர்ந்தெடுக்கின்றன. இந்த இடத்தில் ஊழியர்கள் இருவரும் கைதட்டினார்கள். அந்த இடத்தில் கைதட்டுவது அவர்கள் வேலையில் சேர்ந்தது.

நாலு பேரும் மாதிரி அறைக்குள் போய் உட்கார்ந்தார்கள். கதவு சாத்தப்பட்டது. எங்கிருந்தோ அலைச் சத்தம் கேட்டது. அறை ஆடத் தொடங்கியது. சுவரில் பதித்த கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் யாரோ தங்களைப் பார்க்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்ததால், யாருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை.

"பெட்டிக்குப் பூட்டு வாங்கணும்," என்றார் அப்பா.

"வாங்கியாச்சுப்பா," என்றாள் மகள்.

கொஞ்ச நேரத்தில் ஆட்டம் நின்றது. டீ குடிக்கப் போன அலைகள் திரும்பிவரும்வரை கடல் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் அக்கா அசந்து தூங்கிவிட்டார். தூக்கத்தில் தெளிவான குரலில், "இணைப்பு கொடுக்கிறேன், காத்திருங்கள்," என்றார். மற்ற மூவரும் சிரிப்பை அடக்க முடியாமல் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

முடிவு மறுவாரம் தெரிந்தது. ஆலோசகப் பெண் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னாள். காசாளர் வாழ்நாள் முழுக்கக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர், ஆகவே அவருக்கு உச்சித் தளத்தில் பால்கனி. கண்ணாடிக் கடைக்காரரின் கண்கள் உழைத்துக் களைத்தவை, ஆகவே அவருக்குச் சன்னலின் வரம்புகள் இல்லாத அறை. அக்கா உறக்கத்திலும் பிறரோடு தொடர்பு வேண்டுபவர் என்பதால் மின்தூக்கிக்கு எதிரே ஓர் அறை. மகள் சுதந்திரத்தின் வாசலில் நிற்பவள். அவளுக்குக் கப்பலின் மறுகோடியில், படகுக்குப் பின்னால்.

"நாலு பேரையும் நாலு திசையில போட்டிருக்கீங்களேம்மா!"

"ஆமாம் சார்," என்றாள் அவள் பெருமையோடு. "முழுப் பொருத்தம். இப்படி அமையறது ரொம்ப அபூர்வம்."

*

கண்ணாடிக் கடைக்காரர் முறையீடு செய்யத் தலைவரிடமே போனார்.

"உட்காருங்க. உங்க கோரிக்கையை ரொம்ப மனிதாபிமானத்தோட நிராகரிச்சிருக்கோம்," என்றார் தலைவர்.

"சார், பொண்ணு வெளிநாடு போறா. சும்மா ஒரு வாரம் ஒண்ணா இருக்கலாம்னுதான்…"

தலைவர் எழுந்து, சுவரில் மாட்டியிருந்த திரையருகே போனார். அதில் கடல் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே பேசினார்.

"குடும்பங்களைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியாது. ஒரு குடும்பத்தை ஒரே அறையில போட்டா அது என்ன செய்யும்? பேசும். பேச ஆரம்பிச்சா வெளியே வராது. வெளியே வராட்டி மேல்தளத்துல அத்தனை கடை எதுக்கு? விளையாட்டுக்கூடம் எதுக்கு? உடம்பு பிடிச்சுவிடறவங்க எதுக்கு? தனியா இருக்கிறவனுக்குத்தான் சார் போரடிக்கும். போரடிக்கிறவன்தான் பயணி. போரடிக்காதவன் வெறும் ஆள். கப்பல்ல எடை கூடும், அவ்வளவுதான்."

தலைவர் திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இதை வியாபாரம்னு நெனச்சுடாதீங்க. சேவை. போன தடவை ஒரு புருஷன் பெண்டாட்டி ஏறினாங்க. இறங்கும்போதுதான் மறுபடி பாத்துக்கிட்டாங்க. ரெண்டு பேரும் கண்கலங்கி எங்களுக்கு நன்றி சொன்னாங்க. தனித்தனியா."

"அப்ப நாலு கட்டில் இருக்கிற ரூம்னு ஒண்ணு கப்பல்லயே கிடையாதா?"

"இருக்கு. ஒண்ணே ஒண்ணு." தலைவர் குரலில் கண்டிப்பு ஏறியது. "இணக்கச் சீரமைப்பு அறை. பொது இடத்துல சண்டை போட்டு மத்த பயணிகளுக்குத் தொந்தரவு கொடுக்கிற குடும்பங்களை அடைச்சுவைக்கிற இடம். அடித்தளத்துல, இயந்திரத்துக்குப் பக்கத்துல. அது தண்டனை சார். அதை யாரும் கேக்கறதில்லை."

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவியும் மகளும் சோர்ந்துபோய் உட்கார்ந்தார்கள். அக்கா மட்டும் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "இதுல யோசிக்க என்ன இருக்கு மாப்ளே? சண்டை போட்டுடுவோம்," என்றார்.

சொல்வது சுலபம். அந்தக் குடும்பத்துக்குச் சண்டை போட வராது. கோபம் வந்தால் அவரவர் எழுந்து அவரவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதுதான் அங்கே வழக்கம். பயணத்துக்கு முந்தின வாரம் முழுக்கக் கூடத்தில் ஒத்திகை நடந்தது.

"ஆரம்பிங்கப்பா," என்றாள் மகள்.

கண்ணாடிக் கடைக்காரர் இடுப்பில் கைவைத்து மனைவியை முறைத்தார். "ஒரு நாளாவது வாய்க்கு ருசியா சமைச்சிருக்கியா நீ?"

"நீங்கதானேங்க சமைக்கறீங்க?"

"ஓ… ஆமா."

"குரலை உயர்த்துங்க மாப்ளே," என்றார் அக்கா. "வெளியூர் இணைப்பு மாதிரி நெனச்சுக்கோங்க. அந்தப் பக்கம் இருக்கிறவனுக்குக் காது மந்தம்."

*

கப்பல் ஏறின முதல் மாலையே உணவுக்கூடத்தில் வேலையைத் தொடங்கினார்கள். நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் அத்தனை மேசையிலும் தனித்தனி ஆட்கள்தான். தூரத்து மேசைகளில் இருந்து குடும்பத்தார் ஒருவருக்கொருவர் கையசைத்துக்கொண்டார்கள். இவர்கள் நாலு பேர் மட்டும் ஒரே மேசையில் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

கண்ணாடிக் கடைக்காரர் சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு மேசையைத் தட்டினார். "நீ என்னதான் நெனச்சுக்கிட்டு இருக்கே?"

"எதைப் பத்திங்க?" என்று மனைவி உண்மையிலேயே கேட்டாள்.

மகள் மேசைக்கடியில் காலால் இடித்தாள். "உப்பைப் பத்திம்மா!"

"ஆங். உப்பு. உப்பு… கம்மியாத்தான் இருக்கு."

பரிமாறுபவர் ஓடிவந்து உப்பை வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். சண்டை அதோடு முடிந்துவிடும் போலிருந்தது. அப்போது அக்கா எழுந்து நின்றார். நாடு முழுக்கப் பேசவைத்த குரல் அது. ஒலிபெருக்கி இல்லாமலே கூடத்தின் கடைசி மேசைவரை போயிற்று.

"இந்த மனுஷனைக் கட்டிக்கிட்டு என் தங்கச்சி என்ன சுகத்தைக் கண்டா? இவர் கண்ணாடி போட்டுவிட்ட பாதிப் பேருக்குக் கண்ணே தெரியலை!"

பக்கத்து மேசைக்காரர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சந்தேகத்தோடு திருப்பிப் பார்த்தார். கண்ணாடிக் கடைக்காரருக்குச் சுருக்கென்றது. இது ஒத்திகையில் இல்லாத வசனம்.

"அக்கா! எதை வேணா சொல்லுங்க, தொழிலை இழுக்காதீங்க!" என்று அவர் கத்தினார். முகம் சிவந்துவிட்டது. கை பட்டு உப்பு ஜாடி கவிழ்ந்தது.

சண்டைக் குடும்பங்களைக் கவனிக்கும் இணக்க அதிகாரி கூடத்தின் மறுகோடியிலிருந்து கிட்டத்தட்ட ஓடியே வந்தார். பருமனான, நல்ல மனிதர். அவருடைய பிரிவுக்கு வெகுகாலமாக யாரும் வாய்க்கவில்லை. பிரிவையே மூடிவிடுவார்கள் என்ற பேச்சும் இருந்தது. "நகருங்க, நகருங்க, குடும்பத் தகராறு," என்று ஆனந்தமாக வழிவிலக்கிக்கொண்டு நாலு பேரையும் படியிறங்கக் கூட்டிப்போனார். அந்தத் தளத்துக்குக் கம்பளம் கிடையாது. வெறும் இரும்பு.

அறையைத் திறந்துவிட்டு, "மனசைத் தேத்திக்கோங்க," என்றார்.

சின்ன அறை. கீழே இரண்டு கட்டில், மேலே இரண்டு கட்டில். ஒருவர் செருப்பைக் கழற்ற வேண்டுமென்றால் மற்ற மூவரும் காலைத் தூக்கிக்கொள்ள வேண்டும். இயந்திரத்தின் உறுமல் தரையில் ஏறி உள்ளங்காலைக் கூச்சப்படுத்தியது. சுவரில் சோற்றுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டச் சன்னல். அதற்கு ஒரு முழம் கீழேதான் கடல். ஒவ்வோர் அலையும் எழும்பி வந்து கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டுப் போயிற்று.

அதிகாரி போனதும் நாலு பேரும் அந்த வட்டத்துக்குள் முகத்தை நுழைக்க முட்டி மோதினார்கள். முதலில் பேசியது காசாளர்.

"நல்லா இருக்குங்க," என்றாள்.

அதன்பின் வந்த நாட்களில் அவர்கள் கப்பலில் ஒன்றையும் பார்க்கவில்லை. கடைகளுக்குப் போகவில்லை. சீட்டாடினார்கள். அக்கா தன் வேலைக்காலத்தில் ஒட்டுக்கேட்ட காதல்களை, பேர்களை மாற்றி, ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். மகள் மேல்கட்டிலில் தலைகீழாகத் தொங்கியபடி மாட்டுக்கு எத்தனை இரைப்பை என்று பாடம் நடத்தினாள். பேச எதுவும் இல்லாதபோது சும்மா கிடந்தார்கள். வீட்டில் அப்படிக் கிடந்ததே இல்லை. பெட்டியின் பேச்சு மட்டும் இங்கேயும் அவ்வப்போது தலைகாட்டியது.

தினமும் ஒருமுறை இணக்க அதிகாரி கதவைத் தட்டுவார். நாலு பேரும் சீட்டுக்கட்டைத் தலையணைக்கடியில் செருகிவிட்டு, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, உப்பில் ஆரம்பிப்பார்கள். அவர் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "முன்னேற்றமே இல்லையே," என்று வருத்தமாகத் தலையாட்டுவார். "இணக்கம் வந்துட்டா உடனே உங்களைப் பிரிச்சு மேல அனுப்பிடுவேன். கவலைப்படாதீங்க."

*

கெடுத்தது அக்காவின் வாய்தான். சாப்பிட்டுத் திரும்பும்போது மின்தூக்கியில் ஒரு பல் மருத்துவர் அவரைப் பிடித்துக்கொண்டார். மருத்துவருக்கு ஒரு தளம், அவர் மனைவிக்கு ஒரு தளம், இரட்டைப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தளம்.

"உங்களுக்கு ஒரே ரூமாமே?" என்று அவர் கள்ளச் சரக்கு விசாரிப்பவர்போலக் கேட்டார். "எப்படிங்க கிடைச்சுது?"

அக்கா சொல்லிவிட்டார். இணைப்பு கொடுத்தே பழகிய வாய்.

மறுநாள் காலைச் சாப்பாட்டில் பல் மருத்துவர் தன் மனைவியின்மேல் ஒரு ரொட்டியை எறிந்தார். அடுத்த மேசையில் யாரோ தட்டை உடைத்தார்கள். மதியத்துக்குள் உணவுக்கூடம் சந்தைக்கடை ஆயிற்று. முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய தம்பதிகள் உப்பு குறைவு என்று ஒருவரையொருவர் பிடித்துத் தள்ளினார்கள். அண்ணன் தம்பிகள் நாற்காலிமேல் ஏறி நின்று, இல்லாத சொத்துக்கு அடித்துக்கொண்டார்கள். எல்லார் கண்களும் இணக்க அதிகாரி வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தன. மேல்தளக் கடைகளில் ஈ ஓட்டினார்கள்.

கரையிலிருந்து தலைவர் உடனே நடவடிக்கை எடுத்தார். ஒலிபெருக்கி அறிவித்தது: "பயணிகளின் கனிவான கவனத்துக்கு. சண்டையிட விரும்புவோர் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளவும். அசல் சண்டைகள் மட்டுமே பரிசீலிக்கப்படும். போலிச் சண்டையில் ஈடுபடும் குடும்பங்கள் நிரந்தரமாகச் சமாதானமானவையாகக் கருதப்படும். அடிக்கடி பயணம் செய்து முத்து நிலை பெற்ற உறுப்பினர்கள் வரிசையில் நிற்காமல் சண்டையிடலாம்."

நாலு கட்டில் அறை ஒன்றே ஒன்றுதான் இருந்ததால், முதலில் அதில் இருப்பவர்களையே சோதிப்பதென்று முடிவாயிற்று. மறுநாள் பிற்பகல் இணக்க அதிகாரி ஒரு மடக்கு நாற்காலியோடு வந்தார். அவருக்கு இடம்விட்டு நாலு பேரும் கட்டில்களில் காலை மடக்கி உட்கார்ந்தார்கள். திறந்திருந்த கதவுக்கு வெளியே, இரும்பு நடையில், பல் மருத்துவர் தலைமையில் நீண்ட வரிசை.

அதிகாரி கதவைச் சாத்தினார். "உங்களுக்குள்ள இருக்கிறது அசலா, நடிப்பாங்கிறதை நான் இன்னிக்குச் சொல்லியாகணும். ஆரம்பிங்க."

"நீ என்னதான் நெனச்சுக்கிட்டு இருக்கே?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

"உப்பு," என்றாள் மனைவி.

அதிகாரி பெருமூச்சுவிட்டார். "நேத்துக் காலையில இருந்து எல்லார்கிட்டயும் உப்பாவே கேட்டுக்கிட்டு இருக்கேன். வேற எதுவும் இல்லையா? அப்ப உங்களுக்குள்ள சமாதானம்தான். பெட்டியைக் கட்டுங்க. உங்க நாலு அறையும் சுத்தமா வெச்சிருக்கோம்."

அவர் நாற்காலியை மடக்க எழுந்தார். மகள் மேல்கட்டிலிலிருந்து தொப்பென்று குதித்தாள். அறை போய்விடும் என்ற பதற்றத்தில் வாயில் வந்ததைக் கத்தினாள்.

"எனக்கு இந்தக் குடும்பமே வேண்டாம்! எப்படா கிளம்புவோம்னு நாளை எண்ணிக்கிட்டு இருக்கேன்!"

"போயேன்டி! யாரு உன்னை வேண்டாம்னா?" என்று அம்மாவும் பதிலுக்குக் கத்தினாள். நன்றாகவே நடித்தாள்.

"அதான்! யாருமே வேண்டாம்னு சொல்லலை. நீ ஒரு தடவைகூடச் சொல்லலையேம்மா."

கடைசிச் சொற்களில் கத்தல் இல்லை. சொல்லிவிட்டு மகளே திகைத்து நின்றாள்.

"நான் சொன்னா நீ போகாம இருந்துடுவே," என்றாள் அம்மா மெல்ல. "எனக்குத் தெரியும் உன்னை. அதான் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன்."

"போயிருப்பேம்மா. நீ சொல்லியிருந்தாலும் போயிருப்பேன். ஆனா சொல்லியிருக்கலாம்."

"போகாதே."

"ம்."

"சொல்லிட்டேன். இப்ப போ."

கண்ணாடிக் கடைக்காரர் கட்டிலிலிருந்து முன்னால் குனிந்தார். "படிப்பு முடிஞ்சா திரும்பி வருவியாடா?" இத்தனை மாதமாக அவர் பெட்டி பெட்டி என்று பேசியதெல்லாம் இந்த ஒரு கேள்வியைத்தான் என்று அவருக்கே அப்போதுதான் புரிந்தது.

"தெரியலைப்பா. நிஜமாத் தெரியலை."

கீழ்க்கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மாவின் மடியில் மகள் தலையைச் சாய்த்தாள். அம்மா அவள் கூந்தலுக்குள் விரல்களை விட்டு அப்படியே பிடித்துக்கொண்டாள். இருவரும் அழுதார்கள். கண்ணாடிக் கடைக்காரர் வட்டச் சன்னலுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இணக்க அதிகாரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விதிகளில் இதற்கு இடம் இல்லை. யாரும் எதையும் எறியவில்லை, குரலும் உயரவில்லை, ஆனால் இதைச் சமாதானம் என்றும் சொல்ல முடியாது. சுவரில் இருந்த தொலைபேசியை எடுத்துக் கரையில் இருந்த தலைவரைக் கூப்பிட்டார்.

"அழறாங்க சார்," என்றார் தணிந்த குரலில்.

தலைவரின் குரல் எல்லோருக்கும் கேட்டது. "அழுகை சண்டையில சேராது. சமாதானத்துலதான் சேரும். பிரிச்சு அனுப்பிடுங்க."

அதிகாரி தாயையும் மகளையும் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தொலைபேசிக்கு அருகே வாயைக் கொண்டுபோனார்.

"சார், அம்மா பொண்ணோட தலைமுடியைப் பிடிச்சிருக்காங்க."

"என்ன?"

"கெட்டியாப் பிடிச்சிருக்காங்க சார். விடவே மாட்டேங்கறாங்க."

"அப்படின்னா அசல்தான். பயணம் முடியற வரைக்கும் அங்கேயே இருக்கட்டும்."

அதிகாரி தொலைபேசியை வைத்தார். மடக்கு நாற்காலியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வெளியே வந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்தினார். வரிசை ஆவலோடு அவரை நெருங்கியது.

"உள்ளே நிலைமை ரொம்ப மோசம்," என்று அவர் அறிவித்தார். "கரை சேர்ற வரைக்கும் யாரும் இந்தக் கதவைத் தட்டக் கூடாது."

பல் மருத்துவர் அந்தக் கதவைப் பொறாமையோடு பார்த்துவிட்டு, தன் மனைவி எந்தத் தளத்தில் இருக்கிறாள் என்று தேடிக்கொண்டு படியேறினார்.